803 கேள்விகள்

மாதக் கடைசி நாள், காலை பத்தே காலுக்கு போன். "தம்பி, டிரிப் பக்கம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. நானும் நாலஞ்சு தடவை அமுக்கிப் பார்த்துட்டேன்." பேசியவர் நாமக்கல் பக்கம் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா. அந்த அலுவலகத்துக்கு நான் ஒரு சின்ன வலைச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த லாரி, யார் ஓட்டுநர், என்ன லோடு, வாடகை எவ்வளவு, டீசலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போக பாக்கி எவ்வளவு என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பைத்தான் மொழியில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோ என்ற பிரேம்வொர்க்கில் எழுதியது.

"நாலஞ்சு தடவை அமுக்கி" என்று அக்கா சொன்னதிலேயே பாதிப் பிரச்சினை இருந்தது. மீதிப் பாதி, நானே என் கையால் வைத்த ஒரு புள்ளியில் இருந்தது. இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. நடுவில் முதலாளிக்கு ஒரு மாத சர்வர் வாடகை தண்டம் வைத்தேன். அக்கா பொத்தானை அமுக்கிய நொடியிலிருந்து பக்கம் அவர் திரைக்கு வரும்வரை என்னென்ன நடக்கிறது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. ஜாங்கோவில் ஏழு வருடம் வேலை பார்த்தவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் பிரேம்வொர்க் நன்றாக ஓடும்வரை அதன் உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் கட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பிரவுசர் முகவரியிலிருக்கும் பெயரைக் கொடுத்து டி.என்.எஸ். வழியாக ஓர் ஐ.பி. எண்ணை வாங்குகிறது. அந்த எண்ணில் இருக்கும் சர்வரோடு இணைப்பு போட்டு, பூட்டு அடையாளத்துக்கான சாவிப் பரிமாற்றத்தை முடித்துக்கொண்டு, சில வரி எழுத்துகளை அனுப்புகிறது. என்ன வேண்டும், எந்தத் தளத்திடம் கேட்கிறேன், அந்தத் தளம் முன்பு கொடுத்து வைத்த அடையாளச் சீட்டான என் குக்கீ இது. ஒரு ரிக்வெஸ்ட் என்பது கடைசியில் இந்த நாலைந்து வரிகள்தான். நான் முதலில் சந்தேகப்பட்டது இந்தக் கட்டத்தைத்தான். "உங்க நெட் ஸ்லோவா இருக்கும்க்கா" என்றேன். அக்கா வேறு ஒரு தளத்தைத் திறந்து, பட்டென்று வருவதைச் சொல்லிக் காட்டினார். சரி, நெட் இல்லை.

சர்வரின் வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் நிற்கிறது. ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்டது. வருகிற ரிக்வெஸ்ட் ஒரு படத்தையோ ஸ்டைல் கோப்பையோ கேட்டால், எங்கே இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தால், என்ஜின்எக்ஸ் அதை டிஸ்கிலிருந்து எடுத்துத் தானே கொடுத்துவிடும். பைத்தானை எழுப்பவே எழுப்பாது. ஜாங்கோவில் முதல் முறை தளம் ஏற்றுகிறவர்கள் அடிபடும் இடம் இது. நம் லேப்டாப்பில் டெவலப்மென்ட் சர்வர் இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. உண்மையான சர்வரில், பிழை தேடுவதற்கான டீபக் அமைப்பை அணைத்ததும் ஜாங்கோ கையை விரித்துவிடும். பக்கம் வரும், ஆனால் அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக வரும். என் முதல் தளம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. அந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு "இது என்னப்பா, டெலிபோன் பில் மாதிரி இருக்கு" என்றார்.

பைத்தான் செய்ய வேண்டிய வேலை என்றால் என்ஜின்எக்ஸ் அதை உள்ளே பைத்தான் நிரலை ஓட்டும் ஜீயூனிகார்ன் என்ற சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. ஜீயூனிகார்ன் பல வொர்க்கர்களை வைத்து வேலை வாங்கும். வங்கியில் இருக்கும் கவுண்டர்கள் மாதிரி. சாதாரண வகை வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரே ஆளைத்தான் கவனிக்கும். அந்த ஆள் போன பிறகுதான் அடுத்தவர். எத்தனை கவுண்டர் வைக்கலாம் என்பதற்கு ஜீயூனிகார்ன் ஆவணங்களே ஒரு கணக்கு சொல்கின்றன. பிராசசர் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எங்கள் சர்வர் ஒரே கோர். ஆக மூன்று கவுண்டர்.

அக்கா அமுக்கியது இங்கேதான் வினையாகிறது. அவர் ஒரு தடவை அமுக்கினால் ஒரு டோக்கன். பொறுமை போய் மறுபடி அமுக்கினால் பிரவுசர் பழைய டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறது. ஆனால் கிழித்துப் போட்ட விஷயம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பழைய டோக்கனுக்கான வேலையை முழுக்க முடித்து, நிமிர்ந்து பார்த்தால்தான் ஆள் இல்லை என்பது தெரியும். வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் மட்டும் பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் 499 என்று எழுதிக்கொள்கிறது. இந்த எண் எச்.டி.டி.பி. தரத்திலேயே கிடையாது. "கேட்ட ஆள் காத்திருக்காமல் போய்விட்டார்" என்பதற்கு என்ஜின்எக்ஸ் தானாக வைத்துக்கொண்ட எண். அன்று காலை அந்தக் குறிப்பேட்டை, அதாவது லாக்கைத் திறந்தபோது வரிசையாக 499. நடுநடுவே, உள்ளேயிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று சொல்லும் 504. அன்றைக்கு அந்த 499-களை நான் கண்டுகொள்ளவே இல்லை, 504-ஐ மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. அந்தப் பக்கத்தைத் தயாரிக்க ஆறு நொடி. மூன்று கவுண்டர். மாதக் கடைசியில் அந்த அலுவலகத்தில் ஐந்து பேர் அதே பக்கத்தைத் திறப்பார்கள். ஆளுக்கு ஆறு தடவை அமுக்கினால் 30 டோக்கன். கடைசி டோக்கனுக்கு முறை வந்து வேலை முடிய ஒரு நிமிடம். என்ஜின்எக்ஸ் வழக்கமாகக் காத்திருப்பது 60 நொடி. அதற்குமேல் 504 போட்டு அனுப்பிவிடும். ஒரு தடவை அமுக்கிவிட்டு ஆறு நொடி, மிஞ்சினால் பன்னிரண்டு நொடி பொறுத்திருந்தால் பக்கம் வந்திருக்கும். அவசரப்பட்டதால் யாருக்குமே வரவில்லை. இதை அக்காவிடம் விளக்க முயன்றேன். "அப்போ ஆறு நொடி ஏன் ஆகுது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

இந்த வொர்க்கர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் பழகியது பி.எச்.பி. என்ற மொழியில். அங்கே ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் நம் நிரல் புதிதாகப் பிறந்து, பக்கத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துவிடும். ஜீயூனிகார்ன் வொர்க்கர் அப்படி இல்லை. காலையில் எழுந்தது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆயிரம் ரிக்வெஸ்ட்டைப் பார்த்தாலும் அதே ஆள். இது புரியாமல் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. புது டிரிப் படிவத்தில் தேதிக் கட்டம் இன்றைய தேதியோடு திறக்க வேண்டும் என்று, டேட்டாபேஸ் டேபிளின் வடிவத்தைச் சொல்லும் மாடலில் இயல்பு மதிப்பாக, இன்றைய தேதியைத் தரும் செயற்கூற்றின் பெயரைக் கொடுத்தேன். கூடவே ஒரு ஜோடி அடைப்புக்குறியும் போட்டுவிட்டேன். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஜாங்கோ அதைக் கூப்பிட்டுத் தேதி கேட்கும். போட்டுவிட்டால், வொர்க்கர் கண்விழிக்கும்போது ஒரே ஒரு தடவை கணக்கிட்டு, அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டிருக்கும். சர்வரை நான் மறுதொடக்கம் செய்தது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிவரை எல்லா லாரியும் திங்கட்கிழமையே கிளம்பிக்கொண்டிருந்தது.

சரி, கவுண்டருக்குள் போகலாம். ஜீயூனிகார்னுக்கும் ஜாங்கோவுக்கும் இடையே டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. வாயால் சொல்லும்போது பலர் "விஸ்கி" என்பார்கள். அலுவலக போனில் "விஸ்கியிலதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லி வீட்டில் முறைப்பு வாங்கியவன் நான். 2003 டிசம்பரில் பைத்தான்காரர்கள் எழுதிய ஒப்பந்தம் அது. அதன்படி சர்வர், ரிக்வெஸ்ட்டின் விவரங்களை ஓர் அகராதியில் போட்டு ஒரு செயற்கூற்றிடம் கொடுக்கும். அந்தச் செயற்கூறு நிலை எண்ணையும் தலைப்பு வரிகளையும் சொல்லிவிட்டு, பக்கத்தின் உடலைத் திருப்பித் தரும். அவ்வளவுதான் ஒப்பந்தம். இதனால்தான் இந்த ஒப்பந்தத்தை ஏற்ற எந்தப் பைத்தான் பிரேம்வொர்க்கையும், இதை ஏற்ற எந்தச் சர்வரோடும் சேர்த்து ஓட்ட முடிகிறது.

அந்த அகராதியை ஜாங்கோ வாங்கி, கையாள வசதியான ஒரு ரிக்வெஸ்ட் பொருளாக்கி, வழியில் நின்று ஆளுக்கொரு சின்ன வேலை பார்க்கும் மிடில்வேர் வரிசைக்குள் அனுப்புகிறது. புதிதாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கினால் ஏழு மிடில்வேர் ஏற்கெனவே எழுதியிருக்கும். திருவரங்கத்துக்கும் ஏழு பிராகாரம் என்பது தற்செயல். ஆனால் எனக்கு இது மனத்தில் நின்றது அந்தக் கணக்கால்தான். உள்ளே போகும்போது வெளிப்பிராகாரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கடக்கிறோம். திரும்பும்போது அதே பிராகாரங்களை உள்ளிருந்து வெளியே, தலைகீழ் வரிசையில் கடக்கிறோம். ரிக்வெஸ்ட் மேலிருந்து கீழே போகிறது, ரெஸ்பான்ஸ் கீழிருந்து மேலே வருகிறது. எந்தப் பிராகாரத்திலும் யாராவது தடுத்து நிறுத்தி "இப்படியே திரும்பிப் போங்கள்" என்று சொல்லலாம். அப்போது உள்ளே இருப்பவர்களுக்கு நாம் வந்ததே தெரியாது.

ஏழில் ஒன்று பாதுகாப்புக்கான தலைப்பு வரிகளைச் சேர்க்கிறது. ஒன்று முகவரியின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போயிருந்தால், சேர்த்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. ஒன்று சி.எஸ்.ஆர்.எஃப். காவல். வேறொரு தளம் நம் பெயரைச் சொல்லிப் படிவத்தை அனுப்பிவிடாமல் இருக்க, படிவத்துக்குள் ஒளித்து வைத்த ஒரு ரகசிய எழுத்துத் தொடரைச் சரிபார்க்கும். இது அக்காவிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. ஒரு டேபில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டேபில் வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் அந்த ரகசியம் மாறிவிடும். பழைய டேபில் சேமி பொத்தானை அமுக்கினால் அனுமதி இல்லை என்று 403 வரும். பாதுகாப்பு என்ற முறையில் அது செய்தது சரி. முழு லோடு விவரத்தையும் திரும்பத் தட்டச்சு செய்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.

செஷன், ஆதென்டிகேஷன் என்ற இரண்டும்தான் என் கதைக்கு முக்கியம். உள்நுழைந்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் குறிப்புக்குச் செஷன் என்று பெயர். குக்கீயில் வரும் செஷன் எண்ணை வைத்து டேட்டாபேஸில் அந்தச் செஷனைத் தேடி, இன்னார்தான் வந்திருக்கிறார் என்று ரிக்வெஸ்ட்டில் ஒட்டிவிடுவது இவற்றின் வேலை. ஆனால் உண்மையில் இவை உடனே தேடுவதில்லை. "யாராவது கேட்டால் தேடிச் சொல்கிறேன்" என்று ஒரு வெற்றுச் சீட்டை மட்டும் ஒட்டிவிட்டுப் போகின்றன. உள்ளே பக்கத்தைத் தயாரிக்கும் நம் நிரலில் எங்காவது "பயனர் யார்" என்று கேட்கும்போதுதான் டேட்டாபேஸுக்கு ஆள் போகிறது. யாருமே கேட்காவிட்டால் போகவே போகாது. முதலில் படித்தபோது இதை ரசித்தேன். என்ன புத்திசாலித்தனமான சோம்பேறித்தனம்! இதே குணம் இன்னும் உள்ளே போனால் என்னை எப்படி ஏமாற்றப் போகிறது என்பது அப்போது தெரியாது.

பிராகாரங்களைத் தாண்டியதும் முகவரிப் பட்டியல். நாம் எழுதிவைத்த வடிவங்களோடு, முகவரியின் பாதையை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இன்னும் நன்றாகப் பொருந்துவது இருந்தாலும் பார்க்காது. தள்ளுபடிக் கடையில் முதலில் கையில் சிக்கிய சட்டையை எடுப்பவர் மாதிரி. எதுவும் பொருந்தாவிட்டால் 404. பொருந்தினால், டிரிப், வருடம், மாதம் என்று முகவரியில் இருக்கும் எண்களைப் பிரித்தெடுத்து, பக்கத்தைத் தயாரிக்கும் நம் நிரலான வியூவிடம் கொடுக்கும். வியூ என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. மற்ற பிரேம்வொர்க்குகளில் கன்ட்ரோலர் என்று சொல்வதைத்தான் ஜாங்கோவில் வியூ என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தோற்றம் டெம்ப்ளேட்டில் இருக்கிறது.

என் வியூவில் மூன்றே வரிதான். அந்த மாதத்து டிரிப்களை எடு, தேதிப்படி அடுக்கு, டெம்ப்ளேட்டிடம் கொடு.

ஆறு நொடி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். டிரிப்களை எடுக்கும் வரிக்கு முன்னால் ஒரு கடிகாரம், பின்னால் ஒரு கடிகாரம். வித்தியாசத்தை லாக்கில் எழுது. வந்த விடை ஒரு மில்லி நொடிகூட இல்லை. டேட்டாபேஸ் நிரபராதி என்று எழுதி வைத்துக்கொண்டேன். டேட்டாபேஸ் இல்லை, நெட் இல்லை, அப்படியானால் சர்வருக்குத்தான் சக்தி போதவில்லை. முதலாளியிடம் போய் இரண்டு கோர் சர்வருக்கு மாறலாம் என்றேன். அவர் ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கோர் இரண்டானது, கவுண்டர் ஐந்தானது. அடுத்த மாதக் கடைசியில் 504 குறைந்தது உண்மைதான். ஆனால் பக்கம் அதே ஆறு நொடி எடுத்தது. கவுண்டரைக் கூட்டினால் வரிசை குறையும், கவுண்டருக்குள் நடக்கும் வேலை வேகமாகாது. இது தெரிய வங்கிக்குப் போனாலே போதும்.

நான் கடிகாரம் வைத்த அந்த வரியில் டேட்டாபேஸ் வேலையே நடக்கவில்லை. ஜாங்கோவில் டிரிப்களை வடிகட்டு, அடுக்கு என்று எழுதினால் கிடைப்பது டிரிப்கள் இல்லை. குவெரிசெட் என்று ஒரு சீட்டு. கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்ட் எழுதுவது மாதிரி. அரிசி இரண்டு மூட்டை என்று எழுதியதால் வீட்டுக்கு அரிசி வந்துவிடாது. மேலும் மேலும் நிபந்தனை சேர்த்துக்கொண்டே போகலாம், ஒரு பைசா செலவில்லை. யாராவது அதற்குள்ளிருந்து ஒரு பொருளை எடுக்கப்போகும் நொடியில்தான், ஒரு லூப் ஓட்டினாலோ நீளம் கேட்டாலோ, அது டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு கேள்வியாகி டேட்டாபேஸுக்குப் போகிறது. நான் சாமான் லிஸ்ட் எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துவிட்டு, மளிகைக் கடையில் கூட்டமே இல்லை என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

இதிலும் ஒரு கிளைக் கூத்து. நடுவில் சந்தேகம் வந்து அந்தக் குவெரிசெட்டை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். டேட்டாபேஸ் லாக்கில் 21 வரி மட்டும் கேட்டதாக இருந்தது. 400 டிரிப் இருக்கும்போது ஏன் 21 என்று அரை நாள் மண்டையை உடைத்தேன். அச்சிடும்போது 20 மட்டும் காட்டிவிட்டு, அதற்கு மேலும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒன்று கூடுதலாகக் கேட்பது ஜாங்கோவின் வழக்கம். நான் எட்டிப் பார்த்ததாலேயே நடந்த கேள்வி அது. அக்காவின் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் உண்மையான வேலை எங்கே நடந்தது? டெம்ப்ளேட்டில். அலங்காரம் செய்யும் இடம், அங்கே என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது என்று நான் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத கோப்பில்.

டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு வரிசையிலும், இரட்டை அடைப்புக்குள், டிரிப் புள்ளி லாரி புள்ளி எண் என்று எழுதியிருந்தேன். பக்கத்துக் கட்டத்தில் டிரிப் புள்ளி ஓட்டுநர் புள்ளி பெயர். இந்தப் புள்ளியைப் பார்த்ததும் ஜாங்கோ, முதலில் அது ஓர் அகராதியின் சாவியா என்று பார்க்கும். இல்லையென்றால் பொருளின் பண்பா, அதுவும் இல்லையென்றால் பட்டியலின் வரிசை எண்ணா என்று பார்க்கும். கிடைத்தது கூப்பிடக்கூடிய செயற்கூறாக இருந்தால் கூப்பிட்டும் விடும். எதுவுமே கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் வெற்றிடம் விட்டுவிடும். டெம்ப்ளேட் எழுதுகிறவர் நிரலாளராக இருக்க வேண்டியதில்லை, புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு என்பது என் ஊகம். ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற பத்திரிகை. அங்கே 2003-இல் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தளத்துக்காக எழுதத் தொடங்கி, 2005 ஜூலையில் எல்லோருக்குமாக வெளியிட்டார்கள். பெயர், தீவிபத்தில் இடது கை விரல்கள் இரண்டு முடங்கியும் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு ஊமை எழுத்து வரும், தமிழில் எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. செய்தி அலுவலகத்தில் சாயங்காலத்துக்குள் பக்கம் ஏறியாக வேண்டும். பக்கம் வடிவமைப்பவரை "இந்த விவரம் எந்த டேபிளில் இருக்கிறது" என்று யோசிக்க வைத்தால் வேலை நடக்காது. புள்ளி வை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரேம்வொர்க் சொல்கிறது. பார்த்தும் கொள்கிறது. எத்தனை நடை நடந்தது என்று மட்டும் சொல்வதில்லை.

ஒரு டிரிப்பை எடுக்கும்போது டேட்டாபேஸிலிருந்து வருவது லாரியின் அடையாள எண் மட்டும்தான். லாரியின் பதிவெண் வேறு டேபிளில். ஓட்டுநர் பெயர் இன்னொரு டேபிளில். டெம்ப்ளேட் லூப்பில் முதல் வரிசையில் டிரிப் புள்ளி லாரி என்று வந்ததும் ஒரு கேள்வி டேட்டாபேஸுக்குப் போய் வருகிறது. டிரிப் புள்ளி ஓட்டுநர், இன்னொரு கேள்வி. அடுத்த வரிசை, மறுபடி இரண்டு. ஒரே லாரி அந்த மாதம் 12 டிரிப் அடித்திருந்தாலும், அந்த லாரியைப் பற்றி 12 தடவை கேட்கும். முன்னால் கேட்டது நினைவில் இருக்காது. 400 டிரிப். டிரிப்களை எடுக்க ஒன்று, லாரிகளுக்கு 400, ஓட்டுநர்களுக்கு 400, வெற்றுச் சீட்டுக்குப் பின்னால் இருந்த செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. மொத்தம் 803 கேள்விகள்.

சர்வரிலிருந்து டேட்டாபேஸின் ஒரு நகலை இறக்கி, டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளை எண்ணிக் காட்டும் ஜாங்கோ டீபக் டூல்பாரை லேப்டாப்பில் போட்டுப் பார்த்த இரவுதான் இந்த எண் கண்ணில் பட்டது. ஓரத்தில் சின்னதாக 803 என்று நின்றது. முதலில் அது மில்லி நொடி என்று நினைத்தேன்.

என் லேப்டாப்பில் இது ஏன் முன்பே தெரியவில்லை? நான் சோதித்தது 20 டிரிப்பை வைத்து. டேட்டாபேஸும் அதே இயந்திரத்தில். 43 கேள்விகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். உண்மையான சர்வரில் டேட்டாபேஸ் வேறு இடத்தில், காசு மிச்சம் என்று நான்தான் அங்கே வைத்தேன். ஒரு கேள்வி போய்த் திரும்ப 8 மில்லி நொடி. 803-ஐ எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆறு நொடி சொச்சம். அதில் பெரும்பகுதி நேரம் எங்கள் புதிய இரண்டு கோர் சர்வர் எந்த வேலையும் பார்க்கவில்லை, பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. முதலாளி அதற்குத்தான் கூடுதல் வாடகை கொடுத்தார்.

திருத்தம் ஒரே வரி. டிரிப்களை எடுக்கும்போதே லாரியையும் ஓட்டுநரையும் இணைத்துக் கொண்டுவா என்று ஜாங்கோவிடம் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. எஸ்.க்யூ.எல்.லில் அது டேபிள்களை ஒரே கேள்வியில் இணைக்கும் ஜாயின் ஆகிவிடும். 801 கேள்விகள் ஒன்றாயின. ஒரு டிரிப்புக்குப் பல லோடு என்பது மாதிரி ஒன்றுக்குப் பல உறவாக இருந்தால் இந்த வழி ஒத்துவராது. அதற்கு, எல்லாவற்றையும் இரண்டாவது கேள்வியில் மொத்தமாக எடுத்துவந்து நினைவகத்தில் சேர்த்துக்கொள்ளும் வேறு கட்டளை உண்டு. எனக்கு முதலாவதே போதுமானதாக இருந்தது.

சீட்டை வாங்கிக்கொண்டு கடைசி நொடியில் வேலை செய்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதனால்தான் பயனர் யார் என்று கேட்காத பக்கங்களுக்கு அந்த டேட்டாபேஸ் செலவே இல்லை. என் குறை வேறு. வேலை எழுதியிருக்கும் இடமும் நடக்கும் இடமும் வேறாகும்போது, எழுதிய இடத்தில் கடிகாரம் வைப்பவன் ஏமாறுவான். பழைய பி.எச்.பி.யில், லூப்புக்குள் நானே கையால் எஸ்.க்யூ.எல். எழுதிய காலத்தில், இதைவிட மோசமான நிரல் எழுதியிருக்கிறேன். ஆனால் அது மோசம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

மீதிப் பயணம் குறைவுதான். டெம்ப்ளேட் நிரம்பி ஒரு நீளமான எச்.டி.எம்.எல். எழுத்துத் தொடராகிறது. அப்படி நிரம்பும்போதே, யாராவது லோடு விவரத்தில் கோணக் குறியையோ மேற்கோள் குறியையோ போட்டிருந்தால், அது பக்கத்தில் நிரலாக ஓடிவிடாமல் மாற்றி எழுதப்படுகிறது. இதை நாம் கேட்காமலே செய்வது ஜாங்கோவின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அந்தத் தொடர் ரெஸ்பான்ஸுக்குள் போய், பிராகாரங்கள் வழியாகத் தலைகீழாகத் திரும்புகிறது. ஒருவர் நீளத்தை எழுதி ஒட்டுகிறார், ஒருவர் செஷன் மாறியிருந்தால் சேமித்துக் குக்கீயைச் சேர்க்கிறார், ஒருவர் இந்தப் பக்கத்தை வேறு தளத்தின் சட்டகத்துக்குள் காட்டாதே என்று எழுதுகிறார். ஜீயூனிகார்ன் வாங்கி என்ஜின்எக்ஸிடம் கொடுக்க, அது பிரவுசருக்கு அனுப்புகிறது. எல்லாம் போன பிறகு டேட்டாபேஸ் இணைப்பை ஜாங்கோ மூடிவிடுகிறது. அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் புதிதாகத் திறக்க வேண்டும். விரும்பினால் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கச் சொல்லலாம். தூரத்து டேட்டாபேஸ் என்பதால் அதையும் செய்தேன். பிரவுசர் பக்கத்தைப் படித்துக்கொண்டே, அதில் சொல்லியிருக்கும் ஸ்டைல் கோப்புக்கும் படங்களுக்கும் தனித்தனியாகத் திரும்பி வாசலுக்கு வருகிறது.

கூடவே இன்னொரு வேலையும் செய்தேன். ஆரம்பத்தில் இந்தப் பட்டியலை ஒரு பக்கத்துக்கு 50 என்று பிரித்துத்தான் கொடுத்திருந்தேன். "எல்லாத்தையும் ஒரே பக்கத்துல காட்டுங்க தம்பி, கூட்டிப் பார்க்க வசதியா இருக்கும்" என்று அக்கா கேட்டதால் எடுத்துவிட்டிருந்தேன். இப்போது, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பப் போட்டேன். சர்வரை ஒரு கோருக்கு இறக்கினேன். பக்கம் அரை நொடிக்குள் வந்தது.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார். "வேகமா வருதுங்க தம்பி. ஆனா பழையபடி எட்டுப் பக்கமாப் பிரிச்சு வச்சுட்டீங்களே?"

எண்ணிப் பார்த்தேன். பக்கம் பிரித்தால், மொத்தம் எத்தனை என்று தெரிந்துகொள்ள ஜாங்கோ தனியாக ஒரு கேள்வி கேட்கும். ஆக நான்கு. பிரிக்காமல் விட்டால் மூன்றே மூன்று. எடுத்துவிட்டேன்.